மூட்டம் போட்ட மேடு

போன வருஷம் மே மாதம் அய்யா இங்கே வந்திருந்தார். ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஹார்ட்ஸ் என்று ஒரு மலைத்தொடர். அதன் வடக்கு அடிவாரத்தில் கோஸ்லார் ஊர். மலைக்கு மேலே கிளவுஸ்தாலில் உலோகவியல் படிக்க வந்தவள், பக்கத்திலேயே ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்துத் தங்கிவிட்டேன். 11 வருஷம் ஓடிவிட்டது. அய்யாவுக்கு 70 வயது. முதுகுளத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் 30 வருஷத்துக்கு மேல் கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரியாக்கி லாரியில் ஏற்றி அனுப்பித்தான் என்னைப் படிக்க வைத்தார்.

வந்த மறுநாளே மலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரை சாம்பல் நிறத்தில் செத்து நிற்கிற ஊசியிலை மரங்கள். "தீப் புடிச்சுச்சா ஆத்தா?" என்றார். தீயில்லை, பட்டை வண்டு என்றேன். 2018இல் தொடங்கிய வறட்சியில் ஸ்புரூஸ் மரங்கள் தண்ணீரில்லாமல் தளர்ந்தன. தளர்ந்த மரம் பிசின் சுரந்து வண்டை விரட்ட முடியாது. சில வருஷத்துக்குள் மலையின் முகமே மாறிவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் ஊரில் யாராவது இறந்த வீட்டுக்குள் நுழையும்போது எப்படி நடப்பாரோ, அப்படி நடந்து வந்தார்.

கொஞ்ச தூரம் ஏறியதும் நின்றுவிட்டார். நான் எத்தனையோ தடவை கடந்துபோன இடம். சுற்றிலும் சரிவு, அந்த இடம் மட்டும் நெல்லடிக்கிற களம் மாதிரி வட்டமாக, சமமாக இருந்தது. மேல்சரிவை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டிச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்பது அவர் காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. களத்தின் ஓரத்தில் ஒரு ஸ்புரூஸ் காற்றில் சாய்ந்து, வேரோடு மண்ணைப் பெயர்த்துக்கொண்டு கிடந்தது. பெயர்ந்த மண் கன்னங்கரேலென்று இருந்தது. அய்யா குத்தவைத்து உட்கார்ந்து, விரலை விட்டு ஒரு துண்டை எடுத்து நகத்தால் கீறினார்.

"இங்ஙன மூட்டம் போட்டிருக்காக."

எழுந்து குறுக்கே நடந்தார். 11 எட்டு வந்தது. "ஒருதரம் போட்டது இல்ல தாயி. திரும்பத் திரும்பப் போட்டிருக்காக. பாரு, மண்ணு முழங்கை ஆழத்துக்குக் கறுத்துக் கெடக்கு."

இந்த மலையில் இப்படிப்பட்ட கரிக்களங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு என்று படித்திருக்கிறேன். விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி எடுக்கிற தரைப்படங்களில் சரிவெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். ஆனால் கால் வைத்ததும் தெரிந்துகொள்ள அய்யா மாதிரி ஆள் வேண்டியிருந்தது.

அந்தத் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, உடைத்து, கைலென்ஸில் பார்த்தேன். கரி என்பது ஒரு அதிசயமான பொருள். மரம் போய்விடும், மரத்தின் உடற்கூறு அப்படியே நிற்கும். உடைந்த முகத்தில் நிறையத் துளைகள், நடுவில் அகலமான கதிர்க்கோடுகள். ஊசியிலை மரத்தில் இந்தத் துளைக்குழாய்களே இருக்காது. என் கையில் இருந்தது பீச். அகன்ற இலையுள்ள மரம், இலையுதிர் காலத்தில் செம்பு நிறமாகும் மரம். கீழே கரியாகக் கிடப்பது பீச்; அதன்மேல் வளர்ந்து செத்து விழுந்தது ஸ்புரூஸ். நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நடந்தது வெள்ளி.

கோஸ்லாரை ஒட்டி ராமெல்ஸ்பெர்க் என்று ஒரு குன்று. காரீயம், துத்தநாகம், செம்பு, கொஞ்சம் வெள்ளி எல்லாம் கந்தகத்தோடு பிணைந்து கிடந்த சுரங்கம். சாக்சனி மண்ணில் முதலாம் ஓட்டோ மன்னன் வெள்ளி நரம்புகளைத் திறந்தான் என்று விடுகிண்ட் என்ற துறவி 10ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அவர் சொல்வது இந்தச் சுரங்கத்தைத்தான் என்று கொண்டு, அதன் கணக்கை 968இலிருந்து தொடங்குவார்கள். மூடியது 1988இல். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஒரே குன்றைத் தோண்டியிருக்கிறார்கள். பேரரசர்கள் இங்கே அரண்மனை கட்டி உட்கார்ந்ததற்கு இந்த உலோகமே காரணம்.

தாது வெட்டுவதற்கே மரம் வேண்டும். வெடிமருந்து வராத காலத்தில் ராமெல்ஸ்பெர்க்கின் பாறை உளிக்கு மசியாது. சுரங்கத்துக்குள்ளேயே பாறையை ஒட்டி விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். பாறை சூட்டில் விரிந்து வெடித்து உதிரும். புகை அடங்கிய பிறகுதான் ஆட்கள் உள்ளே இறங்க முடியும். இந்த முறை இங்கே 19ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. ஒரு காட்டை வெட்டி, மலைக்குள் கொண்டுபோய்த் தீயிட்டு, மலையைப் பிளக்கிற வேலை. இதற்கு மேல் கூரை சரியாமல் இருக்க முட்டுக்கட்டை, ஏணி, தண்ணீர் இறைக்கிற சக்கரம் எல்லாமே மரம்தான்.

வெளியே வந்த தாதுவை அப்படியே உருக்க முடியாது. முதலில் கந்தகத்தை ஓட்ட வேண்டும். விறகுப் படுக்கையின்மேல் தாதுவைக் குவித்துத் தீவைத்துத் திறந்தவெளியில் வறுப்பார்கள். ஒருமுறை போதாது, குவியலைக் கலைத்து மறுபடி அடுக்கி மறுபடி வறுக்க வேண்டும். இதிலிருந்து எழும் கந்தகப் புகை காற்றின் போக்கில் போகிற இடமெல்லாம் இலை கருகும். கோடரி படாத மரமும் இப்படிச் செத்தது. அதன்பிறகு உலை. உலைக்கு விறகு உதவாது. பச்சை விறகில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். அதை விரட்டவே சூட்டில் ஒரு பங்கு போய்விடும். கரி அப்படியில்லை. வெப்பம் அதிகம், அதோடு கரியிலிருந்து எழும் வாயு தாதுவிலிருக்கிற ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு உலோகத்தை விடுவிக்கும். கடைசியில் புடம். வெள்ளி கலந்த காரீயத்தைச் சாம்பல் படுகையில் உருக்கிக் காற்றை ஊதினால், காரீயம் துருவாகி ஒதுங்கும். வெள்ளி மட்டும் மினுங்கிக்கொண்டு நிற்கும். அந்தப் படுகையின் சாம்பலும் மரத்திலிருந்து வந்ததுதான்.

மூட்டக் கணக்கு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 5 கிலோ விறகு போட்டால் 1 கிலோ கரி வரும். நல்ல கைப்பக்குவம் இருந்தால் கொஞ்சம் கூடும், காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பல். இங்கேயும் அதே விகிதம்தான். தொழிலும் ஏறக்குறைய அதேதான். நடுவில் புகைபோக்கி மாதிரி கம்புகளை நட்டு, சுற்றிலும் கட்டைகளைச் செங்குத்தாகச் சாய்த்துக் குவிமாடமாக அடுக்குவார்கள். மேலே புல், இலை, சிறு கிளை. அதற்கு மேல் மண்ணும் பழைய கரித்தூளும் கலந்த பூச்சு. நடுத்துளை வழியாகக் கங்கைப் போட்டு மூடி, பக்கத்தில் சிறு கண்களைத் திறந்து மூடிக் காற்றை அளந்து விடுவார்கள். முதலில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும், அது ஈரம். புகை மெலிந்து நீலமானால் கரி பழுத்துவிட்டது என்று அர்த்தம். எங்கள் ஊரில் வைக்கோலும் சேறும்; இங்கே புல்லும் காட்டு மண்ணும். வேறென்ன வித்தியாசம்?

மலையின் கிழக்கே ஹாசல்ஃபெல்டே பக்கம் இன்னும் மூட்டம் போடுகிறார்கள். கரி எரிப்பதை 2014இல் ஜெர்மனி தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அய்யாவை அங்கேயும் கூட்டிப் போனேன். மூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புகையை மேலிருந்து கீழே பார்த்தார். "இன்னும் ரெண்டு நா ஆகும். மேக்காலப் பக்கம் பின்தங்குது, கண்ணைத் தொறக்கணும்" என்றார். அங்கே வேலை செய்த இளைஞரிடம் மொழிபெயர்த்தேன். அவர் அய்யாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். இருவர் உள்ளங்கையிலும் அதே கறுத்த ரேகை. அதற்குப்பின் என் மொழிபெயர்ப்பு அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அங்கே ஒரு மரப்பலகை தொங்கியது. ஹில்லெபில்லெ என்று பெயர். சுத்தியால் தட்டினால் காடு முழுக்கக் கேட்கும். தீ வெளியே பாய்ந்தால் அடுத்த களத்து ஆட்களைக் கூப்பிட, சாப்பாட்டுக்கு அழைக்க, இதுதான் அவர்களுக்குப் பேச்சு. கரிக்காரர்கள் கூம்புக் குடிசையில் காட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். ஒற்றைக்கால் இருக்கையில் உட்காருவார்களாம், கண்ணயர்ந்தால் விழுந்து எழுந்துகொள்ள. அய்யா அப்படி இருக்கையெல்லாம் வைத்துக்கொண்டதில்லை. ராத்திரி அம்மா தூக்குவாளியில் கஞ்சி எடுத்துப்போவாள். நான் கூடப் போவேன். ஏணி சாத்தி ஏறி, விரிசல் விட்ட இடத்தில் சேற்றை அப்பிக்கொண்டிருப்பார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், இடைக்காலக் காடழிவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரார் விரல் முதலில் நீள்வது கரிக்காரன் பக்கம்தான். காட்டைத் தின்றவன், முகம் கறுத்தவன், ஊருக்குள் சேராதவன். எங்கள் ஊரிலும் அய்யா காதுபட இப்படிப் பேசியிருக்கிறார்கள். கரிக்காரனுக்கு இந்தக் காட்டில் ஒரு மரம்கூடச் சொந்தமில்லை. காடு அரசனுடையது, அப்புறம் மடத்துடையது, அப்புறம் பிரபுவுடையது. வால்கென்ரீட் மடத்துச் சிஸ்டெர்சியத் துறவிகளே ராமெல்ஸ்பெர்க் தாதுவில் பங்கு வைத்திருந்தார்கள், காட்டுக்குள் தாது உருக்கும் உலைகளும் நடத்தினார்கள். எவ்வளவு கரி வேண்டும் என்று முடிவு செய்தது உலையின் வாய். எந்தச் சரிவை வெட்டலாம் என்று முடிவு செய்தது அதன் முதலாளி. கரிக்காரன் அளந்து கொடுத்துக் கூலி வாங்கியவன்.

உலை இருந்த இடங்களே இதற்குச் சாட்சி. கரியை வண்டியில் நெடுந்தூரம் கொண்டுபோனால் குலுங்கிக் குலுங்கித் தூளாகிவிடும். தாது தூளானால் நஷ்டமில்லை. அதனால் தாதுவைத்தான் காட்டுக்குக் கொண்டுபோனார்கள். சுரங்கத்துக்குத் தொலைவில், மலை உள்ளடங்கிய ஓடைக்கரைகளில் பழைய கசட்டுக் குவியல்கள் இன்றும் கிடக்கின்றன. ஒரு இடத்தில் மரம் தீர்ந்தால் உலையைக் கலைத்துக்கொண்டு அடுத்த இடம். 13ஆம் நூற்றாண்டு வாக்கில் துருத்தியை நீர்ச்சக்கரத்தில் பூட்டக் கற்றுக்கொண்டார்கள். அதுவரை கையாலும் காலாலும் ஊதிய துருத்தி இப்போது களைப்பே இல்லாமல் ஊதியது, உலை பெரிதானது, பெரிய ஓடைப் பள்ளத்தாக்கில் நிலையாக உட்கார்ந்தது. அதற்குமேல் அது மரத்தைத் தேடி அலையவில்லை. மரம்தான் அதைத் தேடி வரவேண்டும்.

காடு இதைத் தாங்குமா என்றால், ஓரளவு தாங்கும். இதை அய்யாதான் எனக்கு விளக்கினார். சீமைக்கருவேலத்தைத் தூரோடு பறிக்காமல் வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் தழையும். சில வருஷத்தில் மறு வெட்டுக்கு வந்துவிடும். அகன்ற இலை மரங்களும் அடித்தூரிலிருந்து துளிர்க்கும். மூட்டத்துக்குக் கைத்தடிமனில் கட்டை போதும் என்பதால், இந்த மறுதழைவை வெட்டியே கரிக்காரன் பிழைக்க முடியும். ஆனால் முறை வைத்து வெட்ட வேண்டும், வெட்டிய இடத்தில் மாடு மேயக்கூடாது. இங்கே இரண்டும் தவறின. மலைவாழ் மக்களின் மாடுகள் காட்டில்தான் மேய்ந்தன. துளிர்த்த குருத்தைக் கடித்தன. உலைக்கோ அவசரம். பீச் மறுதழைவில் அவ்வளவு கெட்டிக்கார மரமும் இல்லை. திரும்பத் திரும்ப வெட்டினால் அடித்தூர் ஓய்ந்துபோகும். அது விட்ட வெளிச்சத்தில் பிர்ச்சும் ஹேசலும் ஏறின.

பிறகு நடந்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். 14ஆம் நூற்றாண்டின் நடுவில் மேல்மலைச் சுரங்கங்கள் ஓய்ந்தன. ஆழம் போகப் போகத் தண்ணீர் ஏறியது, அதை இறைக்க வழி போதவில்லை. அதற்குமேல் கொள்ளைநோய் வந்தது. மலை காலியானது. செல்லா என்ற சிறு மடம் இருந்த இடத்தில் கடைசியில் துறவிகளும் இல்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கோடரிச் சத்தம் ஏறக்குறைய இல்லாமல் கிடந்தது மேல்மலை. காடு திரும்பி வந்தது. மேல்மலையில் தாவரம் மக்கிப் படிந்த பீட் சதுப்புகளில் இதெல்லாம் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது: உலை எரிந்த காலத்து அடுக்கில் காரீயம் அதிகம், உலை அணைந்த காலத்தில் குறைவு, கூடவே மரங்களின் மகரந்தம். ஊரே செத்த காலம், மரம் பிழைத்த காலம். இரண்டையும் ஒன்றாக நினைக்க மனம் கூசுகிறது. ஆனாலும் சதுப்பில் இரண்டும் ஒரே அடுக்கில்தான் இருக்கின்றன.

16ஆம் நூற்றாண்டில் பிரபு ஹைன்ரிஷ் மறுபடி சுரங்கம் திறந்தார். வெளியூர்ச் சுரங்கத் தொழிலாளர்களை வரவழைக்க அவர் கொடுத்த சலுகைகளில் முக்கியமானது மரம். சுரங்கத்துக்கும் வீட்டுக்கும் வேண்டிய மரத்தைக் காட்டில் எடுத்துக்கொள்ளலாம். 1552இல் கோஸ்லார் நகரத்தை நெருக்கி ரீஷென்பெர்க் என்ற இடத்தில் ஒப்பந்தம் போட்டபோது, அவர் ராமெல்ஸ்பெர்க் உரிமையோடு நகரத்தின் காடுகளில் பெரும்பகுதியையும் சேர்த்தே வாங்கினார். அந்தக் காலத்து ஆட்களுக்கு இதில் குழப்பமே இல்லை. மரமில்லாத வெள்ளிச் சுரங்கம் வெறும் பொந்து.

இன்னும் நாலு வருஷத்தில், 1556இல், சாக்சனியின் கெம்னிட்ஸில் வாழ்ந்த மருத்துவர் அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் அச்சாகிறது. அவர் அதற்கு முந்தைய வருஷம் இறந்துவிட்டார். சுரங்கத்தை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவர் விரிவாக எழுதியிருக்கிறார்: காடும் தோப்பும் வெட்டப்படுகின்றன, அதோடு பறவையும் விலங்கும் ஒழிகின்றன, தாது கழுவிய தண்ணீர் ஓடையை நஞ்சாக்கி மீனைக் கொல்கிறது. அவர் இந்த வாதங்களை ஏற்கவில்லை. உலோகமில்லாமல் மனிதன் வாழ முடியாது என்பது அவர் பக்கம். எனக்கு அவருடைய பதிலைவிட, அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் முக்கியம். இன்றைக்கு 450 வருஷத்துக்கும் மேல் முந்தைய கிராமத்தான் தன் ஓடையில் மீன் செத்து மிதப்பதைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது.

சரி, ஸ்புரூஸ் எப்படி வந்தது? உயரத்தில், 700, 800 மீட்டருக்கு மேலே, ஸ்புரூஸ் இந்த மலையின் சொந்த மரம். கீழே பீச் நின்றது. பீச் ஓய்ந்த சரிவுகளில் ஸ்புரூஸ் தானாகவும் இறங்கியது. மாடு அதன் ஊசியை விரும்பித் தின்னாது. பிறகு ஆட்களே விதைத்தார்கள். மரம் தீர்ந்தால் ஊசியிலை விதையைத் தூவுவது என்பது பழைய வைத்தியம். 1368இலேயே நூரெம்பெர்க் நகரத்தில் பீட்டர் ஸ்ட்ரோமர் என்ற வணிகர் வெட்டித் தீர்ந்த காட்டில் ஊசியிலை விதைகளை விதைத்துக் காட்டினார். 1713இல் ஃப்ரைபெர்க் சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபோன் கார்லோவிட்ஸ், வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். நீடித்த பயன்பாடு என்று இன்று உலகம் முழுக்கச் சொல்கிற சொல்லின் வேர் அங்கே இருக்கிறது. அதை எழுத வைத்தது சுரங்க உலைகளுக்கு நேர்ந்த விறகுப் பஞ்சம். 18ஆம் நூற்றாண்டில் ஹார்ட்ஸ் சரிவுகளில் ஸ்புரூஸ் வரிசை வரிசையாக ஏறியது. நேராக வளரும், சீக்கிரம் வளரும், முட்டுக்கட்டைக்குத் தோது. ரயில் வந்து நிலக்கரியை இறக்கியதும் மூட்டங்கள் அணைந்தன, ஸ்புரூஸ் நின்றது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் பிரிட்டிஷார் இழப்பீடாகப் பெருமளவு வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த வெற்றிடத்திலும் ஸ்புரூஸையே நட்டார்கள்.

அதனால்தான் 2018இல் வறட்சியும் வண்டும் வந்தபோது ஒரே வயது, ஒரே இன மரங்கள் ஒரே மூச்சில் விழுந்தன. சுற்றுலா வருகிறவர்கள் "ஆதிகாடு அழிந்துவிட்டதே" என்று கலங்குவதைக் கேட்டிருக்கிறேன். கலக்கம் நியாயம்தான். ஆனால் விழுந்தது உலைக்காக நடப்பட்ட காடு. ஆதிகாடு அதன் வேருக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிறது.

ஓக்கர் ஆற்றங்கரைக் கசட்டுமேட்டில் இன்னொன்றையும் அய்யாவுக்குக் காட்டினேன். காரீயமும் துத்தநாகமும் ஏறிய அந்த மண்ணில் மரம் முளைக்காது. உலோகத்தைத் தாங்கப் பழகிய சில சிறு செடிகள் மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்து, வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்திருந்தன. அய்யா ஒரு பூவைப் பறிக்கக் குனிந்தவர் பறிக்காமல் நிமிர்ந்துவிட்டார்.

ஜூலையில் ஊருக்குப் போனார். வாரம் ஒருமுறை போனில் பேசுவோம். மழை, விலைவாசி, அக்கா பிள்ளைகள் எல்லாம் பேசி முடித்த பிறகு, "அந்த மேட்டுல ஏதும் தழைஞ்சிருக்கா?" என்று கேட்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். களத்தில் பிர்ச் கன்றுகள் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. மேல்சரிவில் வனத்துறை பீச் நட்டிருக்கிறது. ஒவ்வொன்றும் விரல் தடிமன்தான். மான் கடித்துவிடும் என்று சுற்றிலும் வேலி போட்டிருக்கிறார்கள். போட்டோ அனுப்பினேன். ராத்திரி கூப்பிட்டார்.

"வேலி ஒரு பக்கம் சாஞ்சு கெடக்கே ஆத்தா. அதை நிமித்தி விடச் சொல்லு."